தூசி மிஷினுக்கு நான் தைத்த பை

எழுபதுகளின் கடைசியில் என்னைப் போடியில் கட்டிக்கொடுத்தார்கள். பிறந்தது பக்கத்தில் தேவாரம் என்கிற ஊர், காடும் தோட்டமுமாகக் காற்று வாங்கி வளர்ந்த உடம்பு. புகுந்த வீட்டில் கீழே ஏலக்காய்க் கடையும் பின்கட்டில் அடுப்படியும், மேலே குடித்தனம். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைக் கீழ் ஹாலில் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள், சலிப்பார்கள், பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று பிரிப்பார்கள். வாசனை தெருமுனை வரைக்கும் போகும். விருந்தாளிகள் மூக்கை உறிஞ்சிவிட்டு, “குடுத்து வச்ச வீடு” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசனையை மோந்துவிட்டு அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள், தூசியோடு குடித்தனம் பண்ணுவது நான்தானே. காம்பும் தோலும் உதிர்ந்து மாவாகப் பறந்து, படியேறி வந்து, துவைத்த துணியிலும் தண்ணீர்க் குடத்து மூடியிலும் என் மகள் படுக்கும் கட்டிலிலும் உட்காரும்.

மகளுக்கு மூன்று வயதில் இழுப்பு வந்தது. நெஞ்சுக்குழி உள்ளே வாங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். தேனி டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, “மருந்து அப்புறம்மா. புள்ள படுக்கிற ரூம்ல தூசி இருக்கக் கூடாது. இப்படியே விட்டா ஒருநாள் மூச்சு திரும்பாது” என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். வீட்டுக்காரரிடம் தனி வீடு பார்ப்போம் என்றேன். “அப்பா என்ன நெனைப்பாரு” என்றார். அந்த மனுஷனுக்கு வாயில் அந்த ஒரு பேச்சுதான்.

என் அண்ணன் அப்போது அரபு நாட்டில் வேலையில் இருந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு, லீவில் வரும்போது ஒரு தூசி மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னச் சக்கரம் வைத்த தகர டிரம், மேலே மோட்டார், முன்னால் நீளமான குழாய், உள்ளே தூசி சேருகிற காகிதப் பை. மகள் அதற்கு ஆனை என்று பேர் வைத்தாள். நான் தினமும் காலையில் அவள் அறையில் மெத்தை, கட்டிலடி, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் உறிஞ்சி எடுப்பேன். கொஞ்ச நாளில் பிள்ளை வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டுத் தூங்கினாள். அண்ணன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

காகிதப் பைகள் தீர்ந்தன. மதுரை வரைக்கும் ஆள் விட்டுக் கேட்டும் கிடைக்கவில்லை. பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக மடித்து, தையல் நெருக்கமாக ஓட்டி, வாயில் ரப்பர் வளையம் வைத்து நானே பை தைத்தேன். நன்றாகவே வேலை செய்தது. அதோடு விட்டிருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மாமனார் கண்ணில் மிஷின் பட்டுவிட்டது. “கீழ ஹால்ல ஓட்டுனா என்னம்மா? பொம்பளையாளுக வெளக்கமாத்தால கூட்டி எத்தனை காயி குப்பையோட போகுது” என்றார். நல்ல விஷயம்தானே, கீழே தூசி குறைந்தால் மேலேயும் குறையும் என்று நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். காலையில் மேலே, சாயங்காலம் கீழே என்று மிஷின் ஓடியது. ஒரு வாரம் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. பின்பக்கத்தில் தீப்பொறி தெரிந்தது. பிறகு நின்றேபோனது.

மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மோட்டாரைப் பிரித்துக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து பொலபொலவென்று தூசி கொட்டியது. ஏலக்காய் எண்ணெய் பட்டுப் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டை இரண்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன.

“பை போடாம ஓட்டுனீகளாக்கும்?” என்றார்.

“போட்டுத்தாண்ணே குடுத்தேன்.”

“போட்டிருந்தா மோட்டாருக்குள்ள எப்பிடி வரும் இவ்வளவு?”

வீட்டுக்கு வந்து விசாரித்தால், மாமனார்தான் பையைக் கழற்றி வைத்திருக்கிறார். பைக்குள் காய் போனால் எடுப்பது சிரமமாம். வெறும் டிரம் என்றால் அப்படியே கவிழ்த்துப் பொறுக்கிக்கொள்ளலாமாம். உறிஞ்சின தூசியில் பாதி மோட்டாருக்குள் போய், மீதி பின்பக்கமாக வெளியே வந்து, ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்திலேயே அடித்திருக்கிறது. அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “மாமா, பை இல்லாம ஓட்டக் கூடாது” என்றேன். “சரி சரி” என்றார், ஈ ஓட்டுகிற மாதிரி.

புதுக் கார்பன் போட்டு மிஷின் வந்தது. இந்தத் தடவை பை வாயைக் கம்பி வைத்து முறுக்கிவிட்டேன், குறடு இல்லாமல் கழற்ற முடியாது. பையின் அடியில் மட்டும் முடிச்சு வைத்துத் தைத்தேன், அவிழ்த்துக் கொட்டிக்கொள்ளலாம். சாயங்காலம் கீழே ஓட்டிப் பையைக் கொட்டுவது மட்டும் மாமனார், மிஷினின் மற்ற சோலி முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். மோட்டாருக்கு முன்னால் இருக்கும் பஞ்சுத் தட்டை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவேன். குழாயில் காம்பு சிக்கினால் கம்பியில் துணி சுற்றித் தள்ளுவேன். திருப்புளியை வைத்து மூடியைத் திறந்து கார்பன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். மிஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மகளுக்கு மட்டும் இழுப்பு திரும்ப வந்தது, முன்பைவிட மோசமாக. எனக்குத் தலை கால் புரியவில்லை. பையை இன்னொரு மடிப்பு கூட்டித் தைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். பஞ்சுத் தட்டை மாற்றினேன். வீட்டில் ஆளாளுக்கு, “அந்த மிஷின் காத்து புள்ளைக்கு ஆகலை” என்று ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். “ஒங்க அண்ணன் கொண்டாந்த சீருதான் புள்ளைய இந்தப் பாடு படுத்துது” என்று அவர் சொன்ன அன்றைக்கு, கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, வழக்கமாகச் சமையல் முடித்துக் கொண்டுபோகும் பாலைக் கொஞ்சம் வெரசாகவே மாடிக்குக் கொண்டுபோனேன். மகள் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் தூசி புகையாக நின்றது. தரையில் விரித்த துணியில் பையை அவிழ்த்துக் கொட்டியிருந்தார் மாமனார். மடியில் சல்லடை. பக்கத்தில் என் மகள், தலைமயிர், புருவம் எல்லாம் தூசி, இரண்டு கையிலும் ஏலக்காய். “அம்மா, நான் எம்புட்டுப் பொறுக்கிருக்கேன் பாரு” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

மாமனார் சிரித்தார். “பாம்பு கண்ணு ஆத்தா இவளுக்கு. ஒரு காயி தப்பாது” என்றார். பேத்தி மேல் அவருக்கு உயிர், அதில் பொய் சொல்ல மாட்டேன். கீழே வைத்துச் சலித்தால் வேலையாட்கள் கை வைப்பார்கள் என்று மேலே கொண்டுவந்திருக்கிறார். காற்றில் காய் உருளக் கூடாதென்று கதவைச் சாத்தியிருக்கிறார். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று, சலித்த தூசியை மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்து, விடிந்ததும் எடுத்துப்போய்க் கொட்டியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் நான் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் இது நடந்து, நான் பால் கொண்டுவருவதற்குள் பிள்ளையின் தலையைத் துண்டால் தட்டிவிட்டிருக்கிறார். ஊர் முழுக்கத் தூசியைத் திரட்டிக் கொண்டுவந்து என் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார் அந்த மகராசன்.

பால் தம்ளரை ஜன்னலில் வைத்தேன். துணியின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்தேன், தூசி, காய், அவர் மடியில் இருந்த சல்லடை எல்லாமாகச் சேர்த்து. “அடியே, வெளக்கு வச்சாச்சு” என்று பின்னாலேயே வந்தார். படியிறங்கி, ஹாலைத் தாண்டி, வாசல் சாக்கடையில் கொட்டினேன். எதிர்க்கடை ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பச்சைப் பச்சையாகக் காய் சாக்கடைத் தண்ணீரில் மிதந்து போனது.

“லட்சுமியத் தூக்கிச் சாக்கடையில போட்டுட்டாளே” என்றார் மாமனார், எல்லாரும் கேட்கும்படி.

“என் லட்சுமி மாடியில மூச்சு முட்டிக் கெடக்கா மாமா” என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை.

அப்பாவிடம் மன்னிப்புக் கேள் என்று வீட்டுக்காரர் நச்சரித்தார். கேட்கவில்லை. போடிமெட்டுக்குப் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வீடு பிடித்து, மகளையும் மிஷினையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்து சேர்ந்தார். மாமனார் வருஷக்கணக்கில் என்னோடு பேசவில்லை. மகள் மெல்ல மெல்லத் தேறினாள். ஓடினால் மட்டும் இன்றைக்கும் நின்று நின்றுதான் வருவாள்.

எண்பதுகளின் முடிவில் மாமனாருக்கே இழுப்பு கண்டது. ஆயுசு முழுக்க அந்த ஹாலில் உட்கார்ந்த உடம்பு. தூசி இல்லாத இடத்தில் வைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட, வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை. மகள் படுத்த அறையையே அவருக்குக் கொடுத்தேன். மிஷினுக்குப் புதுக் கார்பன் போட்டு, புது வேட்டியைக் கிழித்துப் பை தைத்து, தினமும் காலையில் அவர் கட்டிலைச் சுற்றி ஓட்டினேன். மனசு ஆறிப்போய்ச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் உள்ளே திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

ஒருநாள் காலையில் அவருக்குப் படுக்க முடியவில்லை. கட்டிலில் குந்தி, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு வாயால் காற்றை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் என்னையே பார்த்தது. கொஞ்சம் அடங்கியதும், சொல்லுக்குச் சொல் நிறுத்திக் கேட்டார்.

“ஆத்தா, புள்ளைக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?”

“ஆமா மாமா” என்றேன். “நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க.”