தப்பான அடுக்கில் தேடிய வாய்க்கால்

பல்கலைக்கழக நூலகத்தில் அரசு வெளியீடுகள் பிரிவு என் பொறுப்பு. எந்த அறிக்கை எந்த அடுக்கில் இருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தூசி தின்று சம்பாதித்த கர்வம்.

போன மாதம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவர்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை ஒருவர் மண்ணடித்து மூடிவிட்டு, அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்று சாதித்தாராம். செவ்வாய்க்கிழமை கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை.

“பழைய கவர்மெண்டு புஸ்தகத்துல ஒரு வரி இருந்தாப் போதும்னு வக்கீல் சொல்றாரு மேடம். இல்லைன்னா கண்மாய்க்குத் தண்ணி வராது. இந்த வருசம் நடவே இல்ல.”

புதுக்கோட்டை தனி மாவட்டமாவதற்கு முன் திருச்சியோடுதான் இருந்தது. அதனால் வெள்ளைக்காரன் காலத்துத் திருச்சி ஜில்லா அறிக்கைகளை இறக்கினேன். இரண்டு மணி நேரம் இருவரும் புரட்டினோம். அந்தக் கிராமத்தின் பெயர்கூட இல்லை.

“இல்லங்க. இங்க இல்லைன்னா வேற எங்கயும் கிடைக்காது” என்றேன்.

அவர் வருகைப் பதிவேட்டில் போன் நம்பரை எழுதிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவருக்குச் சொந்த ஊர் திருச்சி. சட்னியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திருச்சிச் சட்னி மாதிரி வராது என்று ஆரம்பித்தார். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

“ஒங்க ஜில்லாவோட எங்களை ஏன் சேக்குறீங்க? வெள்ளைக்காரன் காலத்துலயே நாங்க தனி சமஸ்தானம்.”

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. அரசு வெளியீடுகளை வெளியிட்ட அரசுவாரியாகத்தான் அடுக்குவோம். சமஸ்தானத்துக்குத் தனி அரசாங்கம், தனி அச்சுக்கூடம். அந்தப் புத்தகங்கள் கடைசி வரிசையில், வெளி மாநில அரசுகளோடு இருக்கின்றன. அவற்றுக்குச் சீட்டு ஒட்டியதே நான்தான். கல்யாண வீடுகளில் சமஸ்தானத்துப் பெருமை பேசுகிறவள், வேலை என்று வந்தபோது மறந்திருக்கிறேன். தோசை கருகியது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி, நூலகம் திறந்ததும் கடைசி வரிசைக்குப் போனேன். சமஸ்தான மராமத்து இலாகாவின் கண்மாய் அறிக்கை. மூன்றாவது தொகுதியில் அந்த ஊர், அந்தக் கண்மாய், வரத்து வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முழு வரி. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

“நேத்து நான் சொன்னது தப்புங்க. தப்பான அடுக்குல தேடிட்டேன். வாய்க்கா இருக்கு.”

“மேடம், நீங்களே இல்லைன்னுட்டீங்கன்னு நேத்து ஊர்ல போயிச் சொன்னேன். இனிமே என்ன இருக்கு, அந்தாளோட சமாதானமாப் போயிருவோம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. பத்தரைக்குக் கையெழுத்து.”

மணி பத்தேகால்.

“போடாதீங்க. நிப்பாட்டுங்க. இப்பவே படம் எடுத்து அனுப்புறேன்.”

பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு அந்த அலமாரியடியிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“நிப்பாட்டியாச்சு. ஆனா ஊர்ல நம்ப மாட்டேங்கிறாங்க. நேத்து இல்லைன்னவங்க இன்னைக்கி எப்படி இருக்குன்னுவாங்கன்னு கேக்குறாங்க.” கொஞ்சம் தயங்கினார். “நேத்து எங்கிட்ட இல்லைன்னு சொன்னீங்கள்ல, அதே மாதிரி விசாரணைக்கு வந்து, இருக்குன்னு அடிச்சுச் சொல்லுவீங்களா?”

“வாரேன்” என்றேன்.

செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகுதியை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனேன்.