சேலைக் கயிறு

அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த ஆபீசர். அவர் பையைத் தூக்கி வந்த பியூன். இல்லத்தை நடத்திய டீச்சர். கேட்டில் இருந்த வாட்ச்மேன் அண்ணாச்சி. சமையலுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் நான். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். போலியோவில் கால் போனவர்கள் ஐந்து. வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நான்கு. கண் தெரியாத அக்கா தங்கை இரண்டு பேர். பன்னிரண்டாவது பிள்ளையை என் இடுப்போடு கட்டியிருந்தேன்.

வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவதற்காகக் கட்டிய பங்களா. எழுபதுகளின் கடைசியில் டீச்சர் அதை வாடகைக்கு எடுத்தார். பள்ளிக்கூடத்தில் ரிட்டையர் ஆனவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். விருந்தாளி வந்தால் பின்கட்டுக்குப் போய்விடும் அந்தப் பிள்ளை. டீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தார். நான் மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன். புருஷன் இல்லை. வேலை வேண்டும் என்று போனேன். இருந்துவிட்டேன்.

என் இடுப்போடு கட்டியிருந்த பையனுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வாசுதேவநல்லூர்ப் பக்கம். தாய் இல்லை. அப்பா மாட்டு வண்டி வைத்திருந்தார். பையன் பேச மாட்டான். காது கேட்கும். நடப்பான். நடந்துகொண்டே இருப்பான். ஒரு தடவை கடையநல்லூர்வரை நடந்துவிட்டான். தறி போடுகிற வீட்டுக்காரர்கள் உட்கார்த்தி வைத்துச் சோறு போட்டு, ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா இங்கே கொண்டு வந்தார்.

"நிக்க மாட்டான் டீச்சர். போய்ட்டே இருப்பான். நான் வண்டிக்குப் போய்ட்டா யாரு பாப்பா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் என் பழைய நூல் சேலை ஒன்றை நீளமாகக் கிழித்து முறுக்கினேன். ஒரு முனை அவன் இடுப்பில். ஒரு முனை என் இடுப்பில். நான் கிணற்றுக்குப் போனால் அவனும் கிணற்றுக்கு வருவான். நான் பாத்திரம் தேய்த்தால் பக்கத்தில் சுற்றிச் சுற்றி நடப்பான். சுவர்மேல் குரங்கு வந்தால் துணியை இழுப்பான். நானும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் "சரி மக்கா" என்று சொன்னால் சிரிப்பான்.

கொஞ்ச நாளில் அவனே பழகிக்கொண்டான். காலையில் எழுந்ததும் ஆணியில் தொங்குகிற துணியை எடுத்து வருவான். என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் தூக்குவான். கட்டு என்று அர்த்தம்.

ஆபீசர் வந்தது சாரல் காலத்தில். துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் பிள்ளைகள் சட்டையைப் போட்டிருந்தேன். அவர் டைப் அடித்த தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த மாதிரி இல்லம் நடத்துகிறவர்கள் அரசாங்கத்திடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அதற்கு விதிகள் உண்டு. வாசல்படி இருக்கிற இடத்தில் சாய்தளம் வேண்டும். கக்கூஸில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி வேண்டும். மணல் வாளி வேண்டும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடைவெளி வேண்டும். மாதா மாதம் டாக்டர் வர வேண்டும். பகலில் கதவும் கேட்டும் பூட்டியிருக்கக் கூடாது. தீப்பிடித்தால் பிள்ளைகளை வெளியே கொண்டு வர வழி வேண்டும்.

டீச்சர் எல்லாவற்றுக்கும் "செஞ்சிருதோம் சார்" என்றார்.

ஆபீசர் தாளை மடிக்கும்போது என் இடுப்பைப் பார்த்தார்.

"அது என்ன?"

"துணி சார்."

"பிள்ளைய எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?"

"ஓடிருவான் சார்."

"கட்டக் கூடாதும்மா. கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. எல்லாத்துக்கும் முன்னாடி அதுதான்."

டீச்சர் சொன்னார்: "சார், பிள்ளைய மட்டும் கட்டல. அவளையும் சேத்துத்தான் கட்டிருக்கு."

பியூன் சிரித்தான். ஆபீசர் சிரிக்கவில்லை. பையனுடைய சட்டையைத் தூக்கி இடுப்பைப் பார்த்தார். தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சட்டையை அவரே இறக்கி விட்டார்.

"எனக்குப் புரியுதும்மா. இது துணிதான். வேற ஒரு ஊர்ல ஒரு பொண்ணப் பாத்தேன். கால்ல சங்கிலி. புண்ணுல புழு. அவங்களும் ஓடிரும்னுதான் சொன்னாங்க. உங்கள விட்டா அவங்களையும் விடணும்."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

"நான் அடுப்புல நிக்கையில யாரு சார் பாப்பா?" என்று கேட்டேன்.

"இன்னொரு ஆயா போடணும். அதுவும் விதியில இருக்கு."

ஆறு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் எல்லாம் சரியானால் அங்கீகாரம். இல்லாவிட்டால் பிள்ளைகளை மெட்ராஸில் பெரிய ஹோமுக்கு மாற்றிவிடுவார்கள். மெட்ராஸுக்குப் போனால் எந்தத் தாய் தகப்பன் போய்ப் பார்ப்பார்கள்? அதனால் டீச்சர் ஒன்றையும் விடவில்லை.

சாய்தளம் கட்டிய கொத்தனார் செங்குத்தாகக் கட்டிவிட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பையன் ஒரே மூச்சில் இறங்கி கேட்டில் போய் முட்டினான். "ஏலே கொத்தனாரே, ஐந்தருவியக் கொண்டாந்து இங்கன வச்சிட்டியே" என்றார் வாட்ச்மேன் அண்ணாச்சி. இடித்துத் திரும்பக் கட்டினார்கள். கக்கூஸ் கம்பி வந்தது. மணல் வாளிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம்.

ஆயாவும் வந்தாள். இலஞ்சிக்காரி. நல்ல பெண். ஒரு மாதம் இருந்தாள்.

"அக்கா, இவன் பின்னால ஓடி ஓடி எனக்குக் கால் வீங்கிட்டு. பீடி சுத்துனா உக்காந்த இடத்துல கூலி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளைச் சொல்லி என்ன? வேறு யாரும் வரவில்லை.

துணியை அவிழ்த்த மறுநாள் காலை அவன் எப்போதும்போல எடுத்து வந்தான். கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கூடாது மக்கா. ஆபீசர் சொல்லிட்டாரு."

கையை இறக்கவில்லை. நான் துணியை வாங்கிப் பரண்மேல் போட்டேன். அவன் பரணையே பார்த்துக்கொண்டு நின்றான். நடக்கிற பிள்ளை அன்றைக்கு அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றான். அடுத்த நாள் துணி இல்லை. ஆனாலும் என் முன்னால் வந்து கையைத் தூக்கினான். அப்புறமும் தினமும் அப்படித்தான்.

கேட்டைப் பூட்டக் கூடாது. வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது. கண் அசந்தால் பையன் ரோட்டில் நிற்பான். பஸ் டிரைவர்கள் பிடித்துக் கொண்டு வந்து விடுவார்கள். "டீச்சர் வீட்டு ராசா இன்னைக்கு டிக்கெட் எடுக்காம நிக்காரு" என்று கண்டக்டர் சத்தம் கொடுப்பார். சிரிப்போம். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்வேன்.

பையனின் அப்பா அமாவாசைக்கு அமாவாசை வருவார். நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை மடியிலிருந்து ஒரு சலங்கை எடுத்தார். தோல் வாரில் கோத்த வெண்கல மணிகள்.

"எம்மாட்டுக்குப் போட்டது யக்கா. மாடு மேயப் போச்சுன்னா மணிய வச்சுத்தான் தேடுவோம். இவன் கால்ல போட்டிருங்க. எங்கன நிக்கான்னு தெரிஞ்சிரும்."

டீச்சர் யோசித்தார். "இதுவும் கட்டுததுல வந்துராதா?"

"கொலுசு போட்ட பிள்ளையளையெல்லாம் அவுக்கச் சொல்லுவாவளா டீச்சர்?" என்றார் வாட்ச்மேன் அண்ணாச்சி.

போட்டோம். அவனுக்குப் பிடித்திருந்தது. காலை உதறி உதறிக் கேட்டான்.

அதிலிருந்து நான் காதால்தான் அவனைப் பார்த்தேன். சத்தம் கணகணவென்று வந்தால் கிணற்றடிச் சிமெண்டில் நடக்கிறான். மந்தமாக வந்தால் மாமரத்தடி மண். நின்று நின்று வந்தால் குரங்கைப் பார்க்கிறான். அரிசி கழுவினாலும் காது அங்கேதான். சத்தம் தள்ளிப் போனால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். கேட்டுக்கு முன்னாலேயே பிடித்துவிடுவேன். இது போதும் என்று நினைத்தோம். நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

தைப்பூசம் வந்தது. பண்பொழி திருமலைக் குமரனுக்குக் காவடி எடுக்கிறவர்கள் கிழக்கே இருந்து தென்காசி வந்து, குற்றாலத்தில் குளித்துவிட்டு, இலஞ்சி வழியாக நடப்பார்கள். எங்கள் ரோடுதான். வருஷா வருஷம் டீச்சர் கேட்டடியில் பானகம் கொடுப்பார். அன்றைக்கும் அண்டாவில் கரைத்து வைத்தோம். வாட்ச்மேன் அண்ணாச்சி ஊற்றிக் கொடுத்தார். நான் உள்ளே பிள்ளைகளுக்குப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அவன் சலங்கை மாமரத்தடியில் கேட்டது. பிறகு காவடி வந்தது. மேளம். அரோகரா. காவடி எடுத்தவர்கள் அத்தனை பேர் காலிலும் சலங்கை.

ரோடு முழுக்க மணி. வீட்டுக்குள் மணி. சுவரில் மணி. அதில் எது அவனுடையது? மாமரத்தடியில்தான் இருக்கிறான் என்று என் காது சொன்னது. பொங்கல் அடிப்பிடிக்கிற நேரம். கிண்டினேன்.

கூட்டம் போய்விட்டது. மேளம் தூரமாகப் போனது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமரத்தடியில் இல்லை. கிணற்றடியில் இல்லை. வாட்ச்மேன் அண்ணாச்சி கையில் செம்போடு நின்றார்.

"அண்ணாச்சி, பிள்ளை எங்க?"

"உள்ள கேட்டுச்சே தாயி. மணி கேட்டுச்சே."

ரோட்டில் ஓடினேன். குற்றாலம்வரை போனேன். பேரருவியில் தலை தலையாகக் கூட்டம். இலஞ்சிக் குளத்தங்கரையில் ஒரு காவடிக்காரர் சொன்னார்: "ஆமா, ஒரு பய எங்ககூட ஆடிட்டு வந்தான். கால்ல சலங்கை போட்டிருந்தான். யாரோ நேந்துக்கிட்ட பிள்ளைன்னு நெத்தியில விபூதி பூசி விட்டேன். முன்ன போன கூட்டத்தோட போய்ட்டான்." பண்பொழி மலையடிவாரத்தில் பூ விற்கிறவள் சலங்கை போட்ட பையன்கள் நிறையப் பேரைப் பார்த்திருந்தாள்.

மலைப்படி முழுக்க ஏறினோம். சுற்றியிருக்கிற தோப்பு, ஓடை எல்லாம் தேடினோம். செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்டோம். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். போட்டோ இல்லை.

தகவல் போய் அப்பா மறுநாள் வந்தார். டீச்சர்தான் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. சாய்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டானா யக்கா?"

"காலையில கஞ்சி குடிச்சான். பொங்கல் ஆகல அண்ணாச்சி."

"அப்பம் பசிக்குமே."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மணி நான் குடுத்ததுல்லா" என்றார். எழுந்து பண்பொழிக்கு நடந்தார்.

அடுத்த அமாவாசைக்கும் வந்தார். தேங்காய் லோடு ஏற்றி வண்டியோடு வந்திருந்தார். மாடுகளின் கழுத்தில் மணி இல்லை. காலிலும் இல்லை.

"மணிய எங்க அண்ணாச்சி?"

"கேக்க முடியல யக்கா. அவுத்துட்டேன்."

பரண்மேல் இருந்த துணியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். முறுக்கைத் தடவினார். "ஒங்ககிட்டயே இருக்கட்டும். வந்தா ஒங்களத்தான் தேடுவான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

டீச்சர் தென்காசியிலிருந்து போட்டோ பிடிக்கிறவரைக் கூட்டி வந்து மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டோ எடுத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

மாசியில் ஆபீசர் வந்தார். அதே பியூன். சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார். கக்கூஸ் கம்பியை இழுத்துப் பார்த்தார். மணல் வாளியில் கைவிட்டுப் பார்த்தார். கேட் திறந்திருந்தது. கட்டில் இடைவெளியைப் பியூன் டேப் வைத்து அளந்தான். எல்லாம் சரி என்றார். என் இடுப்பைப் பார்த்தார்.

"துணி இல்ல. நல்லதும்மா."

பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"அந்தப் பையன் எங்க?"

வாட்ச்மேன் அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் உள்ளே போய்விட்டார். நான் சொன்னேன். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

ஆபீசர் பேனாவை மூடினார். அந்த அப்பா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். பியூன் தண்ணீர் கொண்டு வந்தான். குடிக்கவில்லை.

"நான் சொன்னது தப்பில்லம்மா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஆமா சார்" என்றேன்.

பிறகு பேனாவைத் திறந்தார். தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவரே எண்ணிக்கொள்ளலாம். ஆனாலும் என்னிடம்தான் கேட்டார், எத்தனை பேர் என்று எழுத.

பதினொன்று.