காயி பேரில் வந்த வெண்கலம்

சோச்சோ என்று பேரைக் கேட்டதும் யாரும் 'ச்சோ ச்சோ' என்று உச்சுக் கொட்ட வேண்டாம். நாலாவது பெண் என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கள் டெஷீக் கடற்கரையில் பெண் பிள்ளைக்கு எண்ணித்தான் பேர் வைப்பார்கள். மூத்தவள் டெடே, அடுத்தவள் கோர்கோர், மூன்றாமவள் காயி, நாலாமவள் சோச்சோ. அப்பன் மூளையைக் கசக்க வேண்டியதில்லை, விரலை மடக்கினால் போதும். மேலே இருப்பவள் செத்துப் போனாலும் கீழே இருப்பவள் ஒரு படி ஏறிவிட மாட்டாள். லார்ட்டே வீட்டு டெடே ஐந்து மாதக் குழந்தையாகவே காய்ச்சலில் போய்விட்டாள். அதற்காகக் கோர்கோர் டெடே ஆகிவிடவில்லை.

அம்போன்சாவுக்கு அந்தக் கடைசி விஷயம் மட்டும் தெரியாது. அதனால் வந்தது எல்லாம்.

அம்போன்சா குமாசிக்காரர். அந்தப் பக்கம் பிள்ளை பிறந்த கிழமையைப் பார்த்துப் பேர் வைப்பார்கள். தலைநகருக்கு வந்து ஓட்டப்பந்தயச் சங்கத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்ததும், கடற்கரைக்காரர்களின் எண்ணிக்கைப் பேர்களை மனப்பாடம் செய்துகொண்டார். செய்தவர் சும்மா இருந்தாரா? கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டு திரிந்தார். பெரிய விளையாட்டு விழாவுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பும்போது, பத்தொன்பது வயதுச் சோச்சோ அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பேரு?"

"சோச்சோ லார்ட்டே."

"வீட்டுல எத்தன பொண்ணுங்க?"

செத்த பிள்ளையை எங்கள் பக்கம் யாரும் வாய் விட்டு எண்ணுவதில்லை. "மூணு" என்றாள்.

"நீ?"

"கடைசி."

"அப்போ நீ காயிம்மா! டெடே, கோர்கோர், காயி. மூணு. உங்க கணக்கு எனக்கா தெரியாது? சொந்தப் பேரையே ஒழுங்கா சொல்லத் தெரியல, நீ போய் நானூறு மீட்டர் ஓடப் போறியாக்கும்?"

எழுதியும் விட்டார். மறுநாள் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்றார். வீட்டுப் பெட்டியைக் கிளறினால் கோர்கோருக்கும் காயிக்கும்தான் சான்றிதழ் இருந்தது. நாலாவதுக்கு வரும்போது அப்பனுக்கு ஆபீஸுக்கு நடக்கவே அலுத்துப் போயிருந்தது.

"எடுத்துட்டுப் போடீ" என்றாள் காயி. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மீன் புகை போடுகிற அடுப்புக்கு முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தான் எங்கயும் போகப் போறதில்ல. என் பேராச்சும் பிளேன் ஏறட்டும். ஆனா ஒண்ணு, தோத்துட்டு வந்தீன்னா பேரத் திருப்பிக் குடுத்துடணும்."

அப்படித்தான் காயியின் பேரில் சோச்சோ ஓடினாள். இறுதி ஓட்டத்தில் நாலாவதாக வந்தாள். மூன்றாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. 

ஊர் திரும்பியபோது விமான நிலையத்துக்கு வந்திருந்தது காயி மட்டும்தான். கையில் புளித்த மக்காச்சோள மாவில் வேக வைத்த இரண்டு கெங்கே உருண்டை, பொரித்த மீன், கார விழுது. சாப்பிடச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்: "எம் பேர வெச்சுக்கிட்டு மூணாவதா வரத் துப்பில்ல உனக்கு. சோச்சோ சோச்சோதான்."

டெஷீயும் விடவில்லை. பேருக்கேற்ற ஓட்டம் என்று படகில் வலை பின்னுகிறவன் முதற்கொண்டு கேலி செய்தான். நாடுகளின் பதக்கப் பட்டியல் பேப்பரில் வந்தபோது, டீக்கடையில் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினார்கள். கடைசி வரி வரைக்கும் நம் நாடு இல்லை. ஒரு பதக்கமும் வாங்காத நாட்டைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் பலபேருக்குத் தெரிந்தது. கடைசி இடம்கூடக் கிடையாது. இடமே கிடையாது.

அந்தப் பட்டியலின் சட்டம் மீன் சந்தைச் சட்டம் மாதிரிதான். தட்டின் மேலே ஒரே ஒரு பெரிய மீன் இருந்தால் போதும், ஐம்பது பொடி மீன் அடுக்கியவள் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரு தங்கம் வாங்கியவன் மேலே, இருபது வெண்கலம் வாங்கியவன் கீழே. தங்கம் சமமாக இருந்தால் வெள்ளி, அதுவும் சமமென்றால் வெண்கலம். மீன்காரிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தட்டே இல்லாதவளுக்கு என்னடீ இடம்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் சோச்சோவின் முழங்கால் பிசகியது. சங்கம் மறந்தது. கட்டியவன் மீன் பிடிக்க அபிஜானுக்குப் போனான், அங்கேயே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டான். கோர்கோர் லோமேயில் குடியேறிவிட்டாள். மீதி இருந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இருபத்திரண்டு வருஷம் புகை தின்றார்கள். முதலில் இருமல் வந்தது காயிக்கு. சொந்தப் பேர் மாதிரி இதிலும் அவள் ஒரு இடம் முன்னால். நாற்பத்திநாலு வயதில் குடத்தைத் தூக்கினால் இரண்டு தடவை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் கரி படிந்துவிட்டது, இனி அடுப்புப் பக்கம் போகாதே என்று டாக்டர் சொன்னார். போகாமல் எங்கே போவது என்பதை அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கார் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை எங்கள் படகுகள் கடலுக்குப் போவதில்லை, அதனால் பார்க்க ஊரே இருந்தது. இறங்கியவர் அம்போன்சா. தலை நரைத்து, சங்கத்துக்குச் செயலாளராகி, தொப்பையும் பதவி உயர்வு பெற்றிருந்தது.

"காயி லார்ட்டே யாரு? காயி லார்ட்டே!"

காயி அடுப்படியிலிருந்து இருமிக்கொண்டே எழுந்து வந்தாள். வந்தவளின் கையைப் பிடித்து அம்போன்சா குலுக்கினார். அந்த ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவளின் பழைய சிறுநீரை இப்போது புது மெஷினில் பரிசோதித்தார்களாம். ஊக்க மருந்து. பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். நாலாவது மூன்றாவது ஆகிவிட்டது. ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். திருத்திய பதக்கப் பட்டியல். கடைசி வரியில் சிவப்புக் கோடு.

"எழுபத்தொண்ணு! நம்ம நாடு எழுபத்தொண்ணாவது!"

"கூட இன்னும் ஆறு நாடு இருக்கே" என்றான் வலைக்காரன்.

"சமமா."

"ஓ. கூட்டுக்குடித்தனம்."

ஊர் சிரித்தது. சிரித்தபடியே ஊர் சோச்சோவைப் பார்த்தது. அவள் மீன் கத்தியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அம்போன்சாவும் கூட்டத்தின் பார்வை போன திசையில் பார்த்தார். ஓடுகிறவர்களை இருபது வருஷமாகப் பார்த்தவர், நிற்கிற தினுசே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்து போனது.

அவளைப் படகு மறைவுக்குக் கூட்டிப்போனார்.

"அம்மா, நீங்கதானே?"

"நீங்கதான் ஐயா எழுதினீங்க. நான் சோச்சோன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. சொன்னீங்கதான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இப்போ பதக்கம் குடுக்கணும்னா கைரேகை வெச்ச அடையாள அட்டை கேக்குறாங்க. அந்தப் பேரு, அந்தப் பொறந்த தேதி, ரெண்டும் உங்க அக்கா அட்டையிலதான் இருக்கு."

"எழுத்துப் பிழைன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். வேற பேர்ல ஓடினவங்கன்னு உங்களையும் தூக்கிடுவாங்க. வெண்கலம் அஞ்சாவதா வந்தவளுக்குப் போகும். நாடு மறுபடி பட்டியல்லயே இருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம்" என்றார். அது ஒன்றுதான் அவர் அன்றைக்குச் சொன்னதில் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னது.

சோச்சோ கத்தியில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்த பொருள். ஆமாம் என்றால் அக்கா கழுத்துக்குப் போகும். இல்லை என்றால் எவளோ ஒருத்தி கழுத்துக்குப் போகும். தன் கழுத்து கணக்கிலேயே இல்லை.

காயியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

"நான் மாட்டேன்டீ. கோழி துரத்தினாக்கூட நான் ஓடினதில்ல. அந்தப் படி மேல ஏறி நின்னு திருட்டு முழி முழிக்கச் சொல்றியா?"

"நீ ஏறலைன்னா அது வேற வீட்டுக்குப் போயிடும்க்கா."

"போகட்டுமே!"

"இந்த வீட்டுக்குள்ள வரட்டும். யாரு கழுத்துல வந்தா என்ன? வந்தா போதும்."

காயி அடுப்பு விசிறியைக் கீழே வைத்தாள். பிறகு, "ஜாக்கெட் தைக்கணும். பழசு கைல இழுத்துப் பிடிக்குது" என்றாள்.

மைதானத்தில் மந்திரி, பேண்டு, கொடி எல்லாம் இருந்தது. டெஷீ மூன்று பஸ்ஸில் வந்திருந்தது. அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், ஒருத்தரும் மூச்சு விடவில்லை. வாய்க்குப் பூட்டு என்பது எங்கள் ஊரில் அன்று ஒருநாள்தான் விற்றது. மூன்று என்று எழுதிய பலகை முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் ஏறுவதற்குக் காயி நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். சோச்சோ அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக்கு வெளியே நின்றாள். 

ஒரு டிவிக்காரன் மைக்கை நீட்டினான். "அந்தக் கடைசி நூறு மீட்டர்ல உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

"பசி" என்றாள் காயி. கூட்டம் கைதட்டியது. அவள் கம்பிப் பக்கம் திரும்பினாள். "அப்புறம் என் தங்கச்சிய நெனச்சுக்கிட்டேன். அவதான் ஓடினா. நான் பின்னாடி நின்னேன்."

டிவிக்காரன் அதை உருக்கமான பேச்சு என்று நினைத்து, எட்டு மணிச் செய்தியில் இரண்டு தடவை போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் காயி கதவைச் சாத்தி, பதக்கத்தைக் கழற்றித் தங்கச்சி கழுத்தில் போட்டாள். "கனமா இருக்குடீ. இத வாங்கவா அப்படி ஓடினே, லூசு?" அதற்கப்புறம் கதவு சாத்தியிருக்கும்போதெல்லாம் அது சோச்சோவுடையது. கதவு திறந்தால் காயியுடையது. மூன்று மாதத்தில் அடுப்புப் புகை ஏறி, வெண்கலம் வறுத்த மீன் நிறத்துக்கு வந்துவிட்டது.

மூன்று மாதம்தான். மழைக்காலத்தின் முதல் வாரத்தில் காயிக்கு மூச்சு நின்றது. உட்கார்ந்தபடியே, கையில் விசிறியோடு.

நாட்டுக்குப் பதக்கம் தந்தவள் என்பதால் சங்கமே சவ அடக்கத்தை எடுத்துக்கொண்டது. டெஷீயில் செத்தவர்களின் தொழிலைப் பார்த்து அதே உருவத்தில் சவப்பெட்டி செய்வார்கள். மீனவனுக்கு மீன், டிரைவருக்கு லாரி. காயிக்கு ஓட்டக்காரர் ஷூ செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. தச்சர் நேரே சோச்சோவிடம் வந்தார்.

"மாதிரிக்கு, அன்னைக்கு ஓடினப்போ போட்ட ஷூ இருக்கா?"

எடுத்துக் கொடுத்தாள்.

"எந்தக் கால் செய்யட்டும், தாயீ? இடதா, வலதா?"

"என் வலது முட்டிதான் போச்சு" என்றாள். "இடது செய்யுங்க."

தச்சர் ஊர்க்காரர். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காயியை அலங்கரித்துப் படுக்க வைத்தபோது, அம்போன்சா கறுப்புச் சட்டையில் பக்கத்தில் வந்தார். "பதக்கத்தை அவங்க கழுத்துல போட்டே புதைக்கணும்னு மந்திரி விரும்புறார். போட்டோ எடுக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "வேணாம்னா சொல்லுங்க. ஏதாவது காரணம் சொல்லிக்கிறேன். எப்படியும் வர்ற மாசம் நான் வேலைய விட்டுப் போயிடுவேன்."

சோச்சோ ரவிக்கைக்குள்ளிருந்து அதை எடுத்தாள். சூடாக இருந்தது. இப்போது கத்தினால் ஊர் அவள் பக்கம் நிற்கும். எழுபத்தொன்று போகும், காயி திருடி ஆவாள். பெட்டிக்குள் படுத்திருப்பவளைப் பற்றி நாளைக்குப் பேப்பரில் எழுதுவார்கள்.

அக்காவின் தலையைத் தூக்கி நாடாவை மாட்டினாள். புகை படிந்த பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

"மாட்டிட்டேன். அதுக்குப் பதிலா ஒரே ஒரு வேலை செய்யுங்க ஐயா."

"சொல்லுங்க."

"அஞ்சலி நோட்டீஸுல உறவுக்காரங்க பேரு போடுவீங்கல்ல? என் பேர எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். பழக்க தோஷம். "காயி போயிட்டாங்க. இப்போ உயிரோட எத்தன பொண்ணுங்க?"

"ரெண்டு."

"நீங்க கடைசி…" என்று ஆரம்பித்தவர், தான் சொல்வதைத் தானே கேட்டுவிட்டு நிறுத்தினார். அவர் கணக்குப்படி பார்த்தால் அவள் இப்போது கோர்கோர். ரெண்டாவது. வெள்ளி.

சோச்சோ அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. நாலாவது பெண், சோச்சோ லார்ட்டே.

பெட்டியை ஆறு பேர் தோளில் ஏற்றினார்கள். எங்கள் பக்கம் சவத்தைத் தூக்குகிறவர்கள் நடக்க மாட்டார்கள், ஆடுவார்கள், ஓடுவார்கள். வெள்ளையும் சிவப்புமான ஒற்றை இடது ஷூ, காயியை உள்ளே வைத்துக்கொண்டு, கடற்கரைச் சாலையில் ஓடியது. சோச்சோ பின்னால் ஓடினாள். மீன் சந்தை வரைக்கும் தாக்குப் பிடித்தாள். அங்கே இருமல் வந்தது. தட்டுகளுக்கு நடுவில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

ஷூ நிற்கவில்லை.