எஞ்சின் நின்றபோது கேட்ட குரல்

போன வாரம் பாடாலூரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். ரோட்டோரப் பருத்திக் கொல்லையில் ஒரு டிரோன் மருந்து அடித்துக்கொண்டிருந்தது. காற்றில் அந்த நெடி வந்ததும், நம்புங்கள், டீ ஆறுவதுகூடத் தெரியாமல் இருபத்தாறு வயதுக்குப் போய்விட்டேன். பூச்சிமருந்து வாடைக்கு உருகுகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது நான் மருந்தடிக்கும் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைவிட வயதில் மூத்த விமானம். இறக்கை என்பது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு மருந்துத் தொட்டி வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் மூடி கிடையாது. இன்றைய என் தொந்தி அதற்குள் நுழையாது என்பது வேறு விஷயம். அரியலூர்ப் பக்கம் பறந்தால், ரெட்டிபாளையத்து சிமெண்ட் ஆலைப் புகை சாய்வதைப் பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்வேன். வேப்பந்தட்டையில் விடிந்ததும் மேலேறினால் பச்சைமலை முழுசாக எழுந்து எதிரே நிற்கும். எனக்கு மூச்சே நின்றுபோகும். இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களே என்று தினமும் ஆச்சரியப்பட்டேன்.

எந்த இடம் அடித்தாயிற்று என்று மேலிருந்து தெரியாது. அதனால் கொல்லையின் இரண்டு கோடியிலும், கழியில் வெள்ளைத்துணி கட்டிக் கொடுத்து ஆள் நிறுத்துவோம். வேப்பந்தட்டையில் அப்படி நின்றவர் செல்லம்மா, நாற்பது வயதுக்காரர். தலைக்கு மேல் பனைமர உயரத்தில் நான் கடந்ததும் எட்டுத் தப்படி தள்ளிப் போய் நிற்பார். இதைப் பார்த்த ஊர்க்காரர்கள் தாங்களாகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். வெள்ளைத் துண்டை ஆட்டினால், ‘அடுத்தது என் கொல்லை’ என்று அர்த்தம்.

ஒருநாள் காலை எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. இறங்க ஒரே இடம், மழையில்லாமல் காய்ந்து கிடந்த ஏரி. அதை நோக்கித் திருப்பினேன். விமானம் தாழ்வதைப் பார்த்த சனங்கள், மருந்தடிக்கத்தான் வருகிறேன் என்று ஏரிக்குள் ஓடிவந்து, நட்டநடுவில் நின்று துண்டை ஆட்டினார்கள். பிள்ளைகுட்டிகளோடு நாற்பது பேர் இருக்கும். மறுபடி மேலேற வழியே இல்லை. என் உயிரைவிட, இவர்கள் மேல் போய் விழப்போகிறேனே என்றுதான் நடுங்கினேன்.

எஞ்சின் நின்ற விமானம் எவ்வளவு அமைதியானது என்று அன்றுதான் தெரிந்தது. கம்பிகளில் காற்று ஊதுவது மட்டும் கேட்டது. அதற்கு நடுவே கீழேயிருந்து ஒரு குரல், அவ்வளவு தெளிவாக:

“சத்தம் நின்னுபோச்சு! மருந்தடிக்க வரல, வுழப்போவுது! கரைக்கு ஓடுங்க, ஓடுங்க!”

செல்லம்மா. கொடிக்கழியைச் சுழற்றி, ஆடு விரட்டுவதுபோல அத்தனை பேரையும் விரட்டினார். பத்து நாளாக என் எஞ்சினுக்கு அடியிலேயே நின்ற காது அது. கடைசி ஆள் கரையேறவும் சக்கரம் தரையைத் தொடவும் சரியாக இருந்தது.

இறங்கினேன். செல்லம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினார்.

“குடிங்க சார். மொகமே வெளுத்துப்போச்சு.”

அவர் பின்னாலேயே துண்டோடு ஒருவர் வந்தார். “அப்ப எங்க கொல்லைக்கு எப்ப வருவீங்க?”

சிரிக்க ஆரம்பித்தவன் அழுதுவிட்டேன்.

அந்த விமானத்தைப் பிற்பாடு காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். செல்லம்மாவும் இப்போது இல்லை. நான் பெரிய விமானங்களுக்குப் போய், மூடிய கண்ணாடிக்குப் பின்னால் முப்பது வருஷம் ஓட்டினேன். சொகுசுதான், குறையொன்றுமில்லை. ஆனால் கீழேயிருந்து யார் கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.