அக்கா எடுத்த புள்ளிகள்

கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் நாள் முழுக்கப் புள்ளி பார்ப்பதுதான் என் பிழைப்பு. மைக்ரோஅரே என்பது விரல் நீளக் கண்ணாடித் துண்டு. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு மரபணுவுக்கு. உயிரணு எந்தப் புரதத்தைச் செய்ய அவசரப்படுகிறதோ அதற்குரிய மரபணுவின் புள்ளி கணினித் திரையில் சிவக்கும். அடங்கிக் கிடப்பது பச்சையாகும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும், எனக்கு மட்டும் அந்த வடிவு பிடிக்காது.

நெடுந்தீவில் இருக்கும் என் அக்காவுக்கு மார்பில் புற்றுக்கட்டி வந்து, யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்தார்கள். கீமோ மருந்து ஏற்றத் தேவையில்லாமலும் போகலாம் என்று வைத்தியர் சொன்னார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கட்டியின் ஒரு துண்டு எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்தது. நான் யாரையும் நம்பாத பிறவி, நானே செய்தேன். உயிரணுக்களைப் பெருக வைக்கும் மரபணுக்களின் புள்ளிகள் எல்லாம் சிவந்திருந்தன. திரும்பி வரக்கூடிய கட்டி.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, சோதனை முடிவு வந்திட்டுது. சிவப்புப் புள்ளி கனக்க."

"கனக்கவோ?"

"ஓம். நினைச்சதை விடக் கூட."

"மாதாவே," என்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். உடனே மருந்து ஏற்ற வரவேண்டும் என்று நான் சொல்லும்போது இணைப்பு அறுந்திருந்தது. பிறகு கிடைக்கவில்லை. அடுத்த நாள் அத்தான் தொலைபேசி எடுத்தார். அக்கா சந்தோசமாக இருக்கிறாளாம், இனிக் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லை என்கிறாளாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரில்தான் சொல்லவேண்டும் என்று லீவு போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காரர் என் பையை வாங்கி வைத்தார்.

"தங்கச்சி, அக்காவுக்கு நல்ல புள்ளியாமே. கோயிலிலை மெழுகுதிரி கொளுத்தி எல்லாருக்கும் கேக் குடுத்தவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் புள்ளி என்றால் பள்ளிக்கூடச் சோதனையில் எடுக்கும் மதிப்பெண், வாத்தியார் சிவப்பு மையில் போடுவது. கூட எடுத்தால் சித்தி, அதாவது பாஸ்; குறைய எடுத்தால் வீட்டில் அடி. சோதனை, முடிவு, புள்ளி என்று நான் அடுக்கினால் பாவம் அவள் வேறு என்னத்தை நினைப்பாள்? படகு போன நேரம் முழுக்க என் வாயை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா குசினியில் எனக்காக நண்டுக் கறி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்திலை ஒருநாளும் எடுக்காத புள்ளியை இப்ப எடுத்திட்டன், பார்," என்று சிரித்தாள்.

பிந்தினால் சொல்லமாட்டேன் என்ற பயத்தில் உடனே சொன்னேன். "அக்கா, இந்தச் சோதனையிலை புள்ளி கூடினால் நல்லதில்லை. கட்டி திரும்பி வரப் பார்க்குது எண்டுதான் அர்த்தம்."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே," என்றாள்.

எனக்குத் தாங்க ஏலாமல் போயிற்று. அழுதேன். அவள் அழவில்லை.

"மருந்து ஏத்தினால் குறையுமோ?"

"குறையலாம்."

"அப்ப நாளைக்குப் படகெடுப்பம்," என்றாள். "குறையப் புள்ளி எடுக்கிறது எனக்குப் பழக்கம்தானே, பிள்ளை."

மருந்து எல்லா உடம்புக்கும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஓம் என்றேன்.