வலி நின்ற ஞாயிற்றுக்கிழமை

என் சித்தப்பாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வயிற்றுவலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றது. புதன்கிழமை அவர் செத்துப்போனார். அப்போது எனக்கு எட்டு வயது. அதன்பிறகு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, செங்கல் சூளை, நூல் மில், குடகு காப்பித் தோட்டம் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டேன். படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. அந்த ஆறு நாட்களை மட்டும் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், பஸ் திரும்புகிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அம்மன் திருவிழாவில் கரகம் தூக்குகிறவரை அங்கே பூப்போட்டுத்தான் எடுப்பார்கள். மூன்று வருஷமாகக் காத்திருந்த சித்தப்பாவுக்கு அந்த வருஷம் பூ விழுந்தது. அவருக்குப் பத்தொன்பது வயது. வியாழக்கிழமை மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டி, கோயிலை ஒட்டிய தழைக் குடிசையில் உட்காரவைத்தார்கள். காப்பு கட்டியவர் கரகம் இறக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பாலும் பழமும்தான் ஆகாரம். பெரியவர்கள் யாரும் அவரைத் தொடக் கூடாது. மீறினால் ஊரில் ஒரு சாவு விழும் என்பார்கள். சின்னப் பெண்ணுக்குத் தீட்டு கிடையாது என்பதால், வேளாவேளைக்குப் பால் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையாயிற்று. இதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அப்படி ஒரு பதவி கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா பாலைக் குடிக்கவில்லை. தொப்புளைச் சுற்றிப் பிசைகிறது என்றார். பூசாரி கேட்டுவிட்டு, விரதச் சூடு என்றார். அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினாள். ஒரு பங்கு தொப்புளில் தடவ, ஒரு பங்கு குடிக்க. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கொஞ்ச நேரத்தில் குடிசைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து தன் பட்டன் போனை என் கையில் வைத்தார். அதில் பாம்பு விளையாட்டு இருந்தது.

"இந்தா பாப்பா, வெச்சு ஆடிக்கோ. வாந்தி எடுத்தேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத. காப்ப அவுத்து அடுத்தவனுக்குக் கட்டிடுவாங்க."

நான் சொல்லவில்லை. போன் மூன்று நாளும் என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை வலி தொப்புளை விட்டு வயிற்றின் வலப்பக்க அடியில் இறங்கி நின்றுகொண்டது. அதை அவர் எனக்குத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். வலது காலை மடக்கியே படுத்திருந்தார். இருமல் வந்தால் இரண்டு கையாலும் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு இருமினார். நடந்தால் இடுப்பு ஒடிந்தவர் மாதிரி குனிந்து நடந்தார். குடிசைப் பக்கம் வந்த அவருடைய கூட்டாளிகளுக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது.

"இன்னாடா, கரகம் தூக்கறதுக்கு முன்னாடியே இடுப்பு வளைஞ்சிடுச்சு? நாளைக்குப் பொண்டாட்டி வந்தா இன்னா பண்ணுவ?"

"உங்க வூட்டுப் பொண்ணா குடுக்கப் போறீங்க? போங்கடா டேய்," என்றார் சித்தப்பா. சிரிக்கப் பார்த்து, சிரிப்பும் அந்த இடத்தில் இழுத்ததால் நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா குடிசை வாசல்வரை வந்தாள். சித்தப்பாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள். எட்ட நின்றே அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை பிடித்தாள்.

"தம்பி மூஞ்சி சரியில்லங்க. கீழ போளூருக்கு இட்னு போய்க் காட்டிட்டு வந்துடலாம்."

"காப்பு கட்டினவன எப்படிடி எல்லைய தாண்டி இட்னு போறது? நாளைக்கு ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்மளத்தான் சொல்லுவாங்க."

"சாமி கோச்சுக்காதுங்க. ஊருதான் கோச்சுக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அதோடு பேச்சு முடிந்தது. சித்தப்பா பாலைத் தொடவே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் விரதம் இருப்பவர் சாப்பிடாததை யார் குற்றமாக எடுத்துக்கொள்வார்கள்? உடம்பு சுட்டது. சாமி இறங்குகிறது என்று பூசாரி சொன்னார். வாந்தி எடுத்ததைச் சொல்லியிருந்தால் அம்மா இன்னொரு தடவை சண்டை போட்டிருப்பாள். ஜெயித்திருப்பாளா, தெரியாது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாம்பு விளையாடிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல வருஷம் கழித்து, குடகில் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தேன். கூட வேலைசெய்த ஆலங்காயத்துப் பையன் ஒருவன் ஒருநாள் காலைக் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு, நாங்கள் தங்கியிருந்த லயத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலி தொப்புளில் தொடங்கிக் கீழே வலப்பக்கம் இறங்கியதா என்று கேட்டேன். ஆமாம் அக்கா என்றான். இருமச் சொன்னேன். இருமிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். வேறு எதையும் நான் கேட்கவில்லை. பேதி மருந்து எடுத்துக்கொண்டு வந்தவளின் கையைத் தட்டிவிட்டேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்றேன். மேஸ்திரி கத்தக் கத்த, தோட்டத்து ஜீப்பில் அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார் அங்கே இருந்த டாக்டர். வெடித்துவிட்டால் வலி கொஞ்ச நேரம் நின்றுபோகும், குணமாகிவிட்டது என்று ஏமாந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அன்றைக்கே அறுத்து எடுத்துவிட்டார்கள். அவனுக்குக் கல்யாணமாகி இப்போது இரண்டு பிள்ளைகள். இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பால் கொண்டுபோனபோது சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

"பாப்பா, வலி பட்டுனு நின்னுடுச்சு. போய் அண்ணிகிட்ட சொல்லு."

நான் ஓடினேன். அம்மா விளக்கு மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா, "நான் சொல்லல?" என்றார். அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் கரகம் புறப்பட்டது. தலையில் கரகத்தோடு கோயிலை மூன்று சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்று நன்றாகவே நடந்தார். மூன்றாவது சுற்றில் அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டித்தது. பம்பைக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அவ்வளவு பலமாகச் சாமி வந்து யாரும் பார்த்ததில்லை என்று ஊரே பேசிக்கொண்டது. அவர் காலில் விழுந்தவர்களில் அம்மாவும் ஒருத்தி.

திங்கட்கிழமை விடிந்ததும் காப்பை அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பெரியவர் கை அவர்மேல் பட்டது. வயிறு பலகை மாதிரி இருந்தது. காய்ச்சல் கொதித்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. உதடு காய்ந்து, எதையோ முனகிக்கொண்டிருந்தார். போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, பஸ் திரும்பும் இடம்வரை நாலு பேர் மாறி மாறித் தூக்கினார்கள். அங்கிருந்து ஜீப். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் கூடவே போனேன். வளைவுக்கு வளைவு ஜீப் குலுங்கியது. சித்தப்பா கத்தவில்லை. அம்மா அதைக் காட்டி அப்பாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மலை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டருக்குச் சின்ன வயதுதான். வயிற்றில் கை வைத்தபடியே, வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றார் அப்பா. வாந்தி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன் அல்லவா.

"வலி எங்க இருந்தது? இப்ப எப்படி இருக்கு?"

இதற்குத்தான் அம்மா காத்திருந்த மாதிரி இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னாள்.

"வலி நேத்து மதியமே நின்னுடுச்சுங்க. ஆத்தா புண்ணியத்துல சுத்தமா நின்னுடுச்சு. இது வெறும் காய்ச்சல்தாங்க."

"நின்னுடுச்சா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. அவனே சொன்னான்."

அவர் கையை மெதுவாக எடுத்தார். அம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே வேகமாக வெளியே போனார். வேலூருக்கு வண்டி சொல்லுங்கள் என்று அவர் வராந்தாவில் கத்துவது கேட்டது. அம்மாவின் முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது. வலியே இல்லாதவரை இவ்வளவு தூரம் எதற்குத் தூக்கி வந்தீர்கள் என்று திரும்பி வந்து திட்டப்போகிறார் என்று பயந்து, நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டேன்.