பளிச்சு கொட்டிய சென்ட்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பளிச்சு என்று பெயர். அறுவை சிகிச்சை அறைகளைக் கழுவித் துடைக்கும் வேலை. அவள் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள் நர்சுகள். அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உடம்பில் எந்த வாசனையும் இருக்கக்கூடாது, பவுடர்கூட ஆகாது. அதில் அவளுக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை, வாசனைப் பைத்தியம் பிடித்த குடும்பத்தில் வாழ்க்கைப்படும்வரை.

மாமனார் தையல்காரர். தைத்து முடித்த சட்டைப் பையில் சென்ட் தொட்ட பஞ்சு ஒன்றைச் செருகித்தான் கொடுப்பார். அந்தப் பஞ்சுக்காகவே மறுபடியும் துணியோடு வந்தவர்கள் உண்டு. அந்தக் கிறுக்கு மகனைத் தொடவில்லை. லிப்ட் மெக்கானிக்கான அவனுக்குக் கிரீஸும் ஒன்றுதான், ரோஜாவும் ஒன்றுதான். மொத்தமும் மகளுக்குப் போயிற்று. பளிச்சுவின் நாத்தனாரான அவள், பெரிய கடை ஒன்றில் சென்ட் விற்கிற பகுதியில் வேலை பார்த்தாள். தன் பையன்களுக்கு அந்த ருசியைப் புகட்டிப் பார்த்துத் தோற்றாள்.

"ரெண்டும் எருமைங்க அண்ணி. குளிக்க வைக்கிறதே பெரும்பாடு" என்று சலித்துக்கொண்டவள், பளிச்சுவின் மகள்மேல் கண் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெண் அத்தை வீட்டில்தான். ஒருநாள் அழைத்துப்போக வந்த பளிச்சு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, நாத்தனார் அவள் மூக்கடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல எலுமிச்சை... அப்புறம் ஈர மரம்... கடைசில ஏதோ புது செருப்பு மாதிரி அத்தை!"

"சபாஷ்டி என் தங்கமே!"

அந்த 'என்' பளிச்சுவுக்குச் சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் பெண் வாயில் அத்தை அப்படி, அத்தை இப்படி. பளிச்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உம் கொட்டினாள்.

இன்னொரு நாள், வேலை முடிந்து வந்தவள் ஆசையாக மகளைக் கட்டிக்கொண்டபோது, பெண் முகத்தைத் திருப்பினாள். "அம்மா, குளிச்சிட்டு வாயேன். ஆஸ்பத்திரி நெடி."

அந்த நெடிதான்டி உனக்குச் சோறு போடுது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அடுத்த விடுமுறைக்குத் தானாகவே ஒரு சென்ட் வாங்கிப் பூசிக்கொண்டு நின்றாள். "நல்லாருக்கு அண்ணி" என்ற நாத்தனார் மெதுவாகப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். பெண் தும்மினாள். "பழம் ஏதாவது அழுகிடுச்சா?" என்றான் புருஷன். எல்லோரும் சிரித்தார்கள். பளிச்சுவும் சிரித்தாள். அப்புறம் குளியலறையில் கை சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள்.

பெண் பள்ளிப் படிப்பை முடித்ததும் நாத்தனார் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். "தாத்தா கடைசியா தொட்ட சென்ட். இனிமே உன்னோடது. நம்ம குடும்ப மூக்கு உன்கிட்டதான் வந்திருக்கு."

அந்த 'நம்ம'வில் பளிச்சு இல்லை. படுக்கையில் கிடந்த கிழவருக்கு மலம் அள்ளியவள் அவள். அவளுக்கு ஒரு பஞ்சுகூட யாரும் நீட்டியதில்லை.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லை. குப்பியைத் திறந்து சமையலறை சிங்க்கில் கவிழ்த்தாள். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்தாள். ஆனால் வாசனை அடங்கினால்தானே! சோப்புத் தண்ணீர் ஊற்றினாள், பினாயில் ஊற்றினாள். அது திரைச்சீலையில் ஏறிற்று, மாடிப்படியில் இறங்கிற்று. "என்னங்க விசேஷம்? கும்முனு இருக்கே!" என்று மேல்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நேரே வந்து சிங்க்கின் மேல் குனிந்தாள்.

"கொட்டினியா?"

"கை தவறி..."

"கை தவறினா தரையில விழும். சிங்க்ல எப்படிம்மா விழும்?"

அழவில்லை, கத்தவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாசனை மட்டும் வீட்டிலேயே இருந்தது. தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது பளிச்சுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கடைசியில் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். பெண் வீட்டில் இல்லை.

"நான்தான் கொட்டினேன்."

"தெரியும் அண்ணி."

"பொறாமை, வேற ஒண்ணுமில்ல. அவ உன்னப் பார்க்கிற மாதிரி என்னப் பார்க்கிறதில்ல."

நாத்தனாருக்குக் கண் கலங்கியது. "எங்கப்பாவோடது அண்ணி அது. உங்க மேல கொலவெறில இருக்கேன். உள்ள வாங்க." தண்ணீரைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தாள். "வந்த நாள்லேருந்து உங்க பொண்ணு என் சமையலக் குறை சொல்லிட்டே இருக்கா. அம்மா வைக்கிற மாதிரி இல்லையாம். எனக்கு மட்டும் எரியாதா?"

பளிச்சுவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அதற்காக அவள் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

பெண் வீடு திரும்பினாள். முகம் கொடுத்துப் பேச வெகுநாள் பிடித்தது. படித்து முடித்து, ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கும் பிரிவில் சேர்ந்தாள். ஊழியர்களின் வீட்டாரை அழைத்த ஒரு நாளில் பளிச்சுவும் நாத்தனாரும் போனார்கள். புதிதாக வந்த சோப்பைக் காட்டி, "இது உங்க பொண்ணு கலந்தது. இந்த மூக்கு அவங்களுக்கு யார்கிட்டேருந்து வந்தது?" என்று கேட்டார் மேலாளர்.

நாத்தனார் பளிச்சுவைப் பார்த்தாள். பளிச்சுவே கையை நீட்டி அவளைக் காட்டினாள்.

"இவகிட்டேருந்துதான் சார்" என்றாள். "ஆனா பெத்தது நான்."